வைத்த பணத்தைத் திரும்ப எடுத்த கை

சனிக்கிழமை ராத்திரி நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஓட்டலில் சர்வருக்கு நான் வைத்த டிப்ஸில் பாதியை நண்பர் ஒருவர் திரும்ப எடுக்கிற அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே கமெண்ட்டில் நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர் என்னைக் "கர்ணனின் தங்கை" என்று எழுத, ஒரு கூட்டமே வந்து சிரித்துவிட்டுப் போனது. இனியும் பேசாமல் இருந்தால் நடந்தது சரி என்று ஆகிவிடும்.

படத்தில் இல்லாததைச் சொல்கிறேன். எட்டுப் பேர் சாப்பிட்டோம். பில்லை ஒருவர் கட்டினார். டிப்ஸ் நான் வைக்கிறேன் என்று சொல்லி, என் பையிலிருந்து எடுத்து பில் அட்டைக்குள் வைத்தேன். அதை எடுக்க சர்வர் கை நீட்டினார். நம் நண்பர் குறுக்கே அட்டையை இழுத்தார், நோட்டுகளை எண்ணினார், பாதியை உருவி என் தட்டுப் பக்கம் தள்ளினார். "தண்ணி கேட்டு பத்து நிமிஷம் ஆச்சு. இதுக்கு இதுவே ஜாஸ்தி." நீட்டிய கையை என்ன செய்வதென்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. ஒரு காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். அது எங்கள் கிளாஸ்கூட இல்லை, பக்கத்து மேசையில் இருந்தது.

அவ்வளவுதான். அதைத்தான் படம் பிடித்து, "சேவைக்கு ஏற்ற கூலி" என்று போட்டார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் அதைப் பிரம்பு மாதிரி கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரை நிற்க வைக்காதீர்கள். கொடுக்க மனமில்லையா, எழுந்து போய்விடுங்கள். நானும் எத்தனையோ இடத்தில் வைக்காமல் வந்திருக்கிறேன். கவுன்டரில் நானே வாங்கி, நானே எடுத்து வந்து சாப்பிடும் இடத்தில் வைப்பதில்லை. பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் மேலே வைப்பதில்லை. கார்டு தேய்க்கும் மெஷின் இத்தனை சதவீதமா அத்தனை சதவீதமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்த எனக்குக் கூச்சம் இல்லை. மழையில் பொட்டலம் கொண்டு வந்தவருக்கு, லிஃப்ட் இல்லாத மாடிக்குப் பெட்டி தூக்கியவருக்கு, நான்கு குழந்தைகள் சிந்தியதை முகம் சுளிக்காமல் துடைத்தவருக்குக் கொடுக்கிறேன். இதில் என்ன கர்ணன் வேஷம்?

"டிப்ஸ் என்ற வார்த்தைக்கே வேகமான சேவையை உறுதி செய்வது என்றுதான் அர்த்தம், மூன்று ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்து அது, தெரியாதா?" என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். அது பின்னால் யாரோ கட்டிவிட்ட கதை. பல நூற்றாண்டுக்கு முன்பே அது ஆங்கிலக் கொச்சையில் கொடுப்பதைக் குறிக்கும் ஒரு சாதாரண வார்த்தை. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வேலையைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம் என்பதும் நாம் நமக்கே சொல்லிக்கொள்வதுதான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லின் என்ற பேராசிரியர் பல வருடம் டிப்ஸைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர். சேவை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதற்கும் வைக்கிற பணத்துக்கும் உள்ள தொடர்பு மிகவும் சிறியது என்றுதான் அவர் கண்டார். சர்வர் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பேசினால் கூடுதலாக விழுகிறது. தோளில் லேசாகத் தொட்டால் கூடுதலாக விழுகிறது. ஆக, அன்று தண்ணீர் சீக்கிரம் வந்திருந்தாலும் நண்பர் வேறொரு குறை கண்டுபிடித்திருப்பார் என்பது என் எண்ணம். அவர் மனநிலை அன்று அப்படி.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்கிறீர்கள். கல்லூரி படிக்கும்போது இரண்டு வருடம் சாயங்காலத்தில் நான் சர்வர் வேலை பார்த்தேன். இதை இங்கே எழுதியதில்லை. வெட்கப்பட்டு அல்ல, எழுதத் தோன்றவில்லை. ஒரு நாள் ஒரு குடும்பம் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு கிளாஸில் பாதித் தண்ணீர் விட்டு, அதற்குள் சில்லறையைப் போட்டு வைத்துவிட்டுப் போனார். விரலை விட்டு எடுத்தால்தான் கிடைக்கும். அதில் குழந்தை துப்பிய பருக்கை இரண்டு மிதந்தது. அவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நான் எடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். மாதக் கடைசி, பஸ்ஸுக்கு வேண்டும். எடுத்துத் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன். தொகை முக்கியம் இல்லை. அன்று அந்தப் பெரியவர் ஒன்றுமே வைக்காமல் போயிருந்தால் அடுத்த நிமிடமே மறந்திருப்பேன்.

அப்புறம், "சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். டிப்ஸைக் காட்டியே சம்பளத்தைக் குறைத்த கதை ஊர் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை போன பிறகு, விடுதலையான கறுப்பின மக்களை ரயில் கம்பெனிகளும் உணவகங்களும் வேலைக்கு வைத்து, டிப்ஸைக் காரணம் காட்டியே கூலியில் கை வைத்தன. புல்மேன் என்ற கம்பெனியின் ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்துப் பெட்டி தூக்கிய போர்ட்டர்கள் அப்படித்தான் பிழைத்தார்கள். அவர்கள் 1925-ல் சங்கம் கட்டினார்கள். முறையான கூலி ஒப்பந்தம் கிடைக்க 1937 ஆயிற்று. 1966-ல் டிப்ஸையே கூலிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் முதலாளிக்கு வழி விட்டது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு அங்கே மத்தியச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். அது 1991-ல் வைத்தது, இன்னும் ஏறவில்லை. டிப்ஸ் சேர்த்தும், மற்றத் தொழிலாளிகளுக்கான குறைந்தபட்சமான 7.25 டாலர் வராவிட்டால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். அந்த ஊர்க்காரர் டிப்ஸ் வைக்காமல் எழுந்து போனால், சர்வரின் கூலியிலேயே கை வைக்கிறார் என்று அர்த்தம்.

ஆகவே முதலாளி கொடுக்கட்டும் என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் முதலாளியிடம் போய்க் கேட்டார்கள்? நம் நண்பர் மேனேஜரைக் கூப்பிட்டு "இந்தப் பையனுக்கு என்ன சம்பளம், எத்தனை மேசையை ஒரே ஆளிடம் விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் நானே எழுந்து கை தட்டியிருப்பேன். அந்த மேனேஜர் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே போகும்போது நம் நண்பர் அவரிடம் "சாப்பாடு பிரமாதம்" என்று கை குலுக்கினார். கோபம் எல்லாம் தட்டு தூக்குகிறவன் மேல் மட்டும்தானா?

டிப்ஸையே ஒழித்துவிட்டால் என்ன என்கிறீர்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1909-ல் சட்டம் போட்டுத் தடுத்தது, 1913-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டது. நியூயார்க்கில் டேனி மேயர் என்ற உணவக முதலாளி 2015-ல் டிப்ஸ் வேண்டாம், விலையிலேயே சேர்த்துவிடுகிறேன் என்று ஆரம்பித்து, 2020-ல் பழைய வழிக்கே திரும்பினார். ஜப்பானில் வைத்தால் திருப்பிக் கொடுப்பார்களே என்றால், சரி, அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை, யாரும் அதை வைத்து மிரட்டுவதும் இல்லை. அது எனக்கும் பிடித்த ஏற்பாடுதான். பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, வாடிக்கையாளர் வைத்த டிப்ஸை முழுதாகத் தொழிலாளிக்கே கொடுக்க வேண்டும், முதலாளி பிடித்தம் செய்யக் கூடாது என்று சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் டிப்ஸ் டப்பா மேனேஜர் மேசைக்கு அடியில் இருக்கும். சனிக்கிழமை எண்ணுவார். எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார், கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இப்போதும் கார்டில் சேர்க்காமல் கையில் கொடுக்கிறேன்.

"டாக்டருக்கு வைக்கிறாயா, டீச்சருக்கு வைக்கிறாயா?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவருக்கே தெரியும்.

இன்னொருவர், "பெண் மனசு, இளகிவிட்டது" என்று எழுதினார். என் பணம் அது. நான் சம்பாதித்தது. என் மனசு இளகியதா இறுகியதா என்பது இருக்கட்டும், என் பணத்தை என் கண் முன்னால் எடுத்து, இது அதிகம் என்று எனக்கே திருப்பிக் கொடுக்க நம் நண்பருக்கு யார் உரிமை கொடுத்தது? இதை அந்த இழையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எட்டுப் பேர் மேசையில் இருந்தோம். ஏழு பேரும் பார்த்தார்கள். அந்த நண்பரோடு எனக்குப் பதினான்கு வருடப் பழக்கம். என் அப்பா இறந்தபோது முதலில் வந்து நின்றவர் அவர். அதனால்தான் அங்கேயே எழுந்து கத்தாமல் பையை மூடிக்கொண்டு வந்தேன். தப்பு செய்தேன். அந்த நோட்டுகளை அப்படியே எடுத்துத் திரும்ப அட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். என் கை நகரவில்லை. படத்தில் ஓரமாக என் கை தெரிகிறது, பாருங்கள், சும்மாதான் கிடக்கிறது.

திங்கட்கிழமை மதியம் தனியாகப் போனேன். அந்தப் பையன் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். நான் நாற்காலியை இழுப்பதற்குள் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரைக் கொண்டு வந்து வைத்தார், விளிம்பு வரைக்கும், மேசையில் சிந்தும் அளவுக்கு. "சாரி மேடம், அன்னிக்கு லேட் ஆயிடுச்சு" என்றார். பையிலிருந்த பணத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தவர், நான் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை பத்தடி தள்ளி நின்று என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.