கொளுத்திப் பார்த்தால்தான் கம்பளியா?

போன வாரம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியில் ஒரு சாண் நூலைப் பிடித்துக் கொளுத்தினேன். '100 சதவீதம் தூய மெரினோ கம்பளி' என்று ஆன்லைனில் எனக்கு விற்ற நூல். மெரினோ என்பது ஒரு செம்மறி ஆட்டு இனம், கம்பளி என்பது ஆட்டு முடிதானே? தீயில் காட்டினால் தலைமுடி கருகும் நாற்றம் வரவேண்டும். தீயை விலக்கினால் தானாக அணையவேண்டும். மிச்சமிருக்கும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகவேண்டும். இந்தச் சனியன் சர்ரென்று பிடித்து எரிந்தது, உருகியது, சொட்டியது. ஆறின பிறகு பார்த்தால் முனையில் மிளகு மாதிரி கறுப்பாக ஒரு மணி. நகத்தால் கீறினாலும் அசையவில்லை. அக்ரிலிக். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்கிற செயற்கை நூல், சுத்தமான அக்ரிலிக். தூய்மை நூறு சதவீதம் என்று போட்டிருந்தது அதைத்தான் போல.

ஐம்பது கிராம் உருண்டை 260 ரூபாய். ஆறு உருண்டை. 1,560 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை. இருபத்திரண்டு நாள் ராத்திரி வேலை போச்சே, அதை யார் தருவார்கள்?

கோத்தகிரியில் தங்கச்சி மகனுக்கு ஆறு வயது. அவனுக்குத்தான் ஸ்வெட்டர். முதுகுப் பக்கமும் முன்பக்கமும் பின்னி முடித்து, ஓரம் சுருண்டு நின்றதால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக மேலே காட்டினேன். ஆவி பட்டால் கம்பளி இளகிப் படியும், கண்ணிகள் வரிசையாக உட்காரும். இது என்ன ஆனது தெரியுமா? கீழ்க்கரையில் ரெண்டு நேர்க் கண்ணி, ரெண்டு புரட்டுக் கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டு ரப்பர் மாதிரி இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும்படி பின்னியிருந்தேனே, அந்தக் கரை அனலில் காட்டிய வாழையிலை மாதிரி துவண்டுவிட்டது. இழுத்தேன், விரிந்தது. விட்டேன், அப்படியே கிடந்தது. ஆவியில் செத்த அக்ரிலிக்குக்கு மறுபடி உயிர் வராது. அப்போதுதான் சந்தேகம் வந்து அடுப்படிக்குப் போனேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அக்ரிலிக் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. விலை குறைவு, வாஷிங் மெஷினில் போடலாம், பூச்சி அரிக்காது. பொம்மைக்கும் சோபா விரிப்புக்கும் நானே வாங்குகிறேன். ஆனால் தங்கச்சி வீட்டில் டிசம்பர் வந்தால் அவள் மாமியார் கும்முட்டி அடுப்பில் கரி போட்டு நடுக்கூடத்தில் வைப்பார். பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு பொறி தெறித்தால் கம்பளி கருகி நின்றுவிடும். அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். கம்பளிதான் வேண்டும் என்று தேடித் தேடி வாங்கியது அதற்காக. அக்ரிலிக் என்று எழுதி அறுபது ரூபாய்க்கு விற்றிருந்தால் நான் பாட்டுக்கு அடுத்த கடைக்குப் போயிருப்பேன் இல்லையா?

இதில் கொடுமை, நான் இருப்பது திருப்பூரில். ஊரே நிட்டிங். நானே ஒரு நிட்டிங் கம்பெனியில்தான் கணக்கு எழுதுகிறேன். புதிதாகப் பழகுகிறவர்களிடம் "நான் நிட்டிங் பண்ணுவேனுங்க" என்றால் "அப்படிங்களா, எத்தனை மெஷின் ஓடுதுங்க?" என்று கேட்கிறார்கள். ரெண்டு ஊசியை எடுத்துக் காட்டினால் முகம் வாடிவிடுகிறது. "ஓ, உல்லன் வேலையா! இந்த வெயில்ல யாருக்குங்க ஸ்வெட்டரு?" நாடு நாடாகப் பனியன் அனுப்புகிற ஊரில், கைப்பின்னலுக்கு ஒரு உருண்டை நல்ல கம்பளி வாங்க எனக்குக் கடை இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் 'உல்லன்' என்று எடுத்து நீட்டுவது எல்லாமே அக்ரிலிக். அவர்களைக்கூட மன்னித்துவிடலாம். நம் ஊரில் உல்லன் என்பது அந்த நூலுக்குப் பேராகவே ஆகிவிட்டது, யாரும் அதை மெரினோ என்று சத்தியம் செய்வதில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு நூல் எப்படி உள்ளே வரும் என்று வந்து பாருங்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளக் கட்டு, அதாவது சிட்டம், எத்தனை என்பதுதான் கவுண்ட். முப்பது சிட்டம் வந்தால் 30-ஆம் நம்பர், நாற்பது வந்தால் 40-ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. கோன் மேல் நம்பர் இருக்கும், எந்தத் தடவை தயாரானது என்று சொல்லும் லாட் எண் இருக்கும். 40 என்று பில் போட்டு 36 அனுப்பினால் எங்கள் ஓனர் சாயந்திரத்துக்குள் மில் வாசலில் நிற்பார். டையிங்கிலிருந்து வரும் துணியில் ஷேடு ஒரு பொட்டு மாறினாலும் லாட்டோடு திருப்பி ஏற்றிவிடுவார்கள். எனக்கு வந்த ஆறு உருண்டைகளில் நாலு ஒரு மயில்நீலம், ரெண்டு வேறு மயில்நீலம். டியூப்லைட்டில் தெரியவில்லை. மொட்டை மாடி வெயிலில் பார்த்தால் நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் கட்டினது மாதிரி ஒரு பட்டை. லேபிளில் சாய லாட் எண் எங்கே என்று தேடினேன். கிடையாது. எத்தனை மீட்டர்? அதுவும் கிடையாது. பூ போட்டு, ஆட்டுக்குட்டி படம் போட்டு, 'லவ்' என்று அச்சடித்திருந்தார்கள்.

மீட்டர் இல்லாமல் தடிமனை எப்படித் தெரிந்துகொள்வது? 'நாலு ப்ளை' என்கிறார்கள். ஆஸ்திரேலியாக்காரர் நாலு ப்ளை என்றால் அது மெல்லிய நூல், நூறு கிராமில் சுமார் நானூறு மீட்டர் வரும். நம் விற்பனையாளருக்கு நாலு ப்ளை என்றால் நாலு இழையை முறுக்கியது, அவ்வளவுதான். இழை ஒவ்வொன்றும் சணல் தடிமனில் இருந்தாலும் நாலு ப்ளைதான்.

ஊசி கதை இன்னும் மோசம். நம்மூர்க் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் எண். நூல் கவுண்ட் மாதிரியேதான், எண் கூடக் கூட ஊசி மெலியும். 10-ஆம் நம்பர் ஊசி என்றால் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கு நேர் தலைகீழ், அங்கே 10 என்றால் 6 மில்லிமீட்டர். 8 என்று எடுத்தால் நமக்கு 4, அவர்களுக்கு 5. பின்ன ஆரம்பித்த புதிதில் ஓர் அமெரிக்க டிசைனைப் பார்த்து நம்மூர் 10-ஆம் நம்பரில் தொப்பி பின்னினேன். பெரியவர் தலைக்குப் போட்டது, ஒரு தேங்காய்க்குக் கச்சிதமாக இருந்தது. அது என் அறியாமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கும் ஆன்லைனில் 'சைஸ் 8' என்று மட்டும் போட்டு ஊசி விற்கிறார்களே, எந்த 8 சாமி? பக்கத்தில் மில்லிமீட்டரை எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

இப்போது புதிதாக ஒரு வியாதி, கம்ப்யூட்டரே வரைந்த படத்தை வைத்து டிசைன் விற்பது. போன மாசம் முந்நூறு ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். படத்தில் ஸ்வெட்டர் அள்ளிக்கொண்டு போகும் அழகு. வாங்கின பிறகு பெரிதாக்கிப் பார்க்கிறேன், முறுக்குப் பின்னல் ஒன்று தோளருகே போய்க் காணாமல் போகிறது. பாதித் துணியில் ஊசிப் பின்னலின் 'வி' கண்ணிகள், பாதியில் கொக்கி ஊசியால் போடுகிற குரோஷே. அதைப் பிடித்திருக்கும் அம்மாவுக்கு ஒரு கையில் ஆறு விரல். குறிப்பைத் திறந்தால் 96 கண்ணி போடச் சொல்கிறது. மூன்றாம் வரிசையில் '14 கண்ணிப் பூவேலையை வரிசை முடியும்வரை திரும்பச் செய்க' என்கிறது. பதினாலு ஆறு எண்பத்திநாலு. பதினாலு ஏழு தொண்ணூற்றெட்டு. மிச்சம் பன்னிரண்டை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? கணக்கு எழுதுகிறவளிடமேவா?

ஆன்லைனில் எல்லாமே இப்படி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எனக்குப் பின்னல் கற்றுக் கொடுத்ததே அதுதான். 2007-இல் தொடங்கின, பின்னுகிறவர்களுக்கான ரேவல்ரி இணையதளத்தில் போய், என்னிடம் இருக்கும் நூலின் தடிமன், மீட்டர், ஊசி அளவைப் போட்டால் அதற்கேற்ற டிசைன்கள் வரிசையாக வந்து நிற்கும். அதே டிசைனை முன்பே பின்னியவர்கள் 'கழுத்து இறுக்கம், ரெண்டு கண்ணி கூட்டினேன்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்கு முந்நூறு ரூபாய் தகும். நிட்டி என்ற இணைய இதழ் 2002-லிருந்து வருகிறது, டிசைன்கள் இலவசம். அப்புறம், பின்னல் புத்தகங்கள் எழுதின எலிசபெத் சிம்மர்மேன் என்ற புண்ணியவதியின் சதவீதக் கணக்கு. மார்புச் சுற்றுக்கு எத்தனை கண்ணியோ அதை 100 என்று வை. மணிக்கட்டுக்கு 20 சதவீதம், மேல்கைக்கு 33, கழுத்துக்கு 40. சின்னப் பையனோ, தொப்பை வைத்த சித்தப்பாவோ, கால்குலேட்டரை எடுத்தால் ஸ்வெட்டர் ரெடி. அதை முதன்முதலில் படித்த அன்று ஆபீஸ் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கணக்குப் போட்டுவைத்தேன். ஆடிட்டர் பார்த்துவிட்டு இது எந்தச் செலவு என்று கேட்டார்.

இத்தனை நல்லது கிடைக்கிற இடத்தில் நூல் மட்டும் ஏன் இப்படித் திருட்டுப் பொருளாகவே வருகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

விற்றவருக்கு எழுதினேன். அந்தக் கறுப்பு மணியைப் போட்டோ எடுத்து, ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். 'அன்பான வாடிக்கையாளரே, ஒளியின் காரணமாக நிறம் சற்று மாறுபடலாம்' என்று பதில். நான் நிறத்தைக் கேட்கவில்லையே, இது ஆடா ஆயிலா என்றல்லவா கேட்டேன்! மறுபடி எழுதினேன். 'பிரித்த பொருளைத் திரும்பப் பெற இயலாது.' பிரிக்காமல் எப்படியம்மா கொளுத்துவது?

தங்கச்சிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி விடுக்கா, எப்படியும் புதுசாத்தான பின்னப் போற, கை ரெண்டு இஞ்ச் கூட்டியே போடு. கிடுகிடுன்னு வளர்ந்துட்டான்" என்கிறாள்.

இன்று காலை வேறொரு கடையில் வாங்கின பார்சல் வந்தது. லேபிளில் லாட் எண் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, நூறு சதவீதக் கம்பளி என்றும் இருக்கிறது. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. ஊசியை இன்னும் எடுக்கவில்லை. இந்த வீட்டில் தீப்பெட்டியை யார் எங்கே வைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.