கேள்வி கேட்க வந்த பிள்ளையிடம் ஆவியின் அபிஷேகத்தை எதிர்பார்க்காதீர்கள்

போன வாரம் நம் ஆல்பா வகுப்பின் கொடைக்கானல் முகாமில் நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் பேசிவிட்டீர்கள். என் பெயரும் அடிபடுகிறது, அதனால் நானும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் இந்த ஆல்பா வகுப்பை நான் எதிர்க்கவில்லை. கேள்வி கேட்க வந்தவரிடம் அனுபவத்தை எதிர்பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாடு, ஒரு செய்தி, அப்புறம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. யார் என்ன கேட்டாலும் முறைக்கக் கூடாது. மதுரையில் எத்தனை சபைகளில் இதற்கு இடம் இருக்கிறது? "இயேசு உயிர்த்தெழுந்தார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?" என்று ஒரு கல்லூரிப் பிள்ளை எங்கள் வட்டத்தில் தைரியமாகக் கேட்டாள். அந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் வாராவாரம் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதே பிள்ளையை முகாமில் நடுவில் நிறுத்தி, தலையில் கை வைத்து, "வாயைத் திற, அந்நிய பாஷை வரும்" என்று, ஆவியின் வரமாகச் சிலர் பேசும் அந்தப் புரியாத மொழிக்காக அரை ராத்திரி வரை விடவில்லை. வரவில்லை. "உனக்குள் ஏதோ தடை இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் எனக்குப் போன் பண்ணி, "அக்கா, என்ன தடையா இருக்கும்?" என்று அழுகிறாள். சபைக்கே புதிதாக வந்த பிள்ளை அது!

"இது நம் ஊர் ஆட்கள் செய்த தப்பு, ஆல்பா என்ன செய்யும்?" என்கிறார் ஒரு அண்ணன். பாதி சரி. அந்நிய பாஷை பேசாதவர் இரண்டாந்தரக் கிறிஸ்தவர் இல்லை என்று ஆல்பாவை உலகமெங்கும் பரப்பிய போதகர் நிக்கி கம்பல் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் மீதிப் பாதியையும் பாருங்கள். 1977-ல் லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் இது தொடங்கியபோது, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான எளிய வகுப்பு. 1990-ல் பொறுப்பேற்ற கம்பல்தான் இதைச் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்காக மாற்றினார். அதற்கு முன்பே, 1982-ல், ஆவியின் வரங்களை வலியுறுத்திய அமெரிக்கப் போதகர் ஜான் விம்பரின் ஊழியம் அந்த ஆலயத்தைத் தொட்டிருந்தது. 1994-ல் டொராண்டோவில் கிளம்பிய எழுப்புதல் அலையும் அங்கே வந்து சேர்ந்தது. பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பாடங்களைத் தனியாக ஒரு வார இறுதி முகாமுக்கு ஒதுக்கி, அதன் முடிவில் "ஆவியானவரே வாரும்" என்று ஜெபித்துக் காத்திருக்கும் அமைப்பு அப்படியே நம் கைக்கு வந்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்கும் இராப்போஜனத்துக்கும் தனிப் பாடம் கிடையாது. இப்படி அமைத்த முகாமுக்குப் போனால் 'ஏதாவது நடக்க வேண்டும்' என்ற எதிர்பார்ப்பு தானாக வந்துவிடும். நடத்துகிறவர் பதறிப்போய் நடக்கவைக்கப் பார்ப்பார்.

"அப்படியானால் நீ ஆவியானவரை மறுக்கிறாயா?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேதத்தைத் திறந்து 1 கொரிந்தியர் 14-ஐ வாசியுங்கள். எல்லாரும் அந்நிய பாஷையில் பேசும்போது அவிசுவாசி உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்பானே என்று கேட்டவர் பவுல். அந்த வரத்தை மறுத்தவர் இல்லை அவர், தானும் பேசியவர். வெளியிலிருந்து வருகிறவனை நினைத்துப் பார்த்தார். எல்லாரும் அந்நிய பாஷை பேசுகிறார்களா என்று 12-ஆம் அதிகாரத்தில் கேட்டவரும் அவர்தான்.

"நம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) தூங்குகிறது, ஆல்பாவால்தான் வாலிபர்கள் வருகிறார்கள்" என்கிறீர்கள். வருகிறார்கள், சந்தோஷம். வந்தவர்களை இப்படி அழவிட்டால் எத்தனை பேர் தங்குவார்கள்?

எனக்கு ரொம்ப வலித்தது வேறொன்று. முகாமில் ஒருவர், பழைய ஆட்களிடம் வெறும் சம்பிரதாயம்தான் இருந்தது, ஆவியின் நிரப்புதல் இல்லை என்று சொன்னாராம். என் அப்பத்தா திருமங்கலம் பக்கம் மிஷன் பள்ளி டீச்சர். ஒரு நாளும் அந்நிய பாஷை பேசியதில்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். கேட்டால் மட்டும், இரண்டு வரி ஜெபம். அப்பத்தா செத்தபோது கோயிலுக்கே வராத ஜனங்கள் கல்லறை வரைக்கும் வந்தார்கள். 1834-ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்ததிலிருந்து பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் இப்படி உழைத்தவர்களை வெறும் சம்பிரதாயம் என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

சனிக்கிழமை வட்டத்துக்கு நான் வருவேன், சமையலுக்கும் நிற்பேன். முகாமுக்கு வரமாட்டேன், என் வட்டத்துப் பிள்ளைகளையும் அனுப்பமாட்டேன். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நம் சபைப் போதகர் ஐயர் நேரில் போய், உன்னிடம் எந்தத் தடையும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவரை இந்தப் பதிவை நீக்கச் சொல்லி யாரும் எனக்குப் போன் பண்ணாதீர்கள்.