'அனுமதி இல்லை' பலகை யாரைத் தடுக்கிறது?

வீடு வீடாக வந்து விற்பவர்களைப் பற்றி எந்தக் குடியிருப்போர் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் முடிவு ஒன்றுதான்: "மொத்தமா தடை பண்ணிடுவோம்." வாசலில் ஒரு பலகை, செக்யூரிட்டிக்கு ஒரு வாய்மொழி உத்தரவு, வாட்ஸ்அப் குழுவில் நாலு கைதட்டல். அடுத்த வாரம் அதே வாசல் வழியே "கேஸ் செக்கிங்" என்று ஒருவர் உள்ளே வந்து, நன்றாக இருக்கும் டியூபைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக் காசு வாங்கிப் போவார். அவர் தன்னை விற்பனையாளர் என்று சொல்லவே இல்லையே, பலகை எப்படித் தடுக்கும்?

இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான். 'யார் வரலாம்' என்று சல்லடை போடுகிற விதிகள் பெரும்பாலும் நேர்மையானவனை மட்டுமே சலித்து வெளியே தள்ளுகின்றன. வந்தவர் வாசலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், போகச் சொன்னால் எப்போது போக வேண்டும், அவசரத்தில் கையெழுத்துப் போட்டவர் எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று எழுதிய விதிகள்தான் வேலை செய்கின்றன. உலகத்தில் பல ஊர்கள் இந்தப் பாடத்தை வழக்குச் செலவு கட்டிக் கற்றிருக்கின்றன. நாம் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தத் தடைக்கு மூலம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள கிரீன் ரிவர் என்ற சிறு ரயில்வே ஊர். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் ரயில்வே தொழிலாளர்களைச் சேல்ஸ்மேன்கள் தட்டி எழுப்புகிறார்கள் என்பது புகார். வீட்டுக்காரர் அழைக்காமல் விற்க வருவதே குற்றம் என்று 1931-இல் ஊர் சட்டம் போட்டது. வீடு வீடாகத் தூரிகை விற்ற ஒரு பெரிய கம்பெனி வழக்குப் போட, 1933-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் இன்றுவரை இப்படிப்பட்ட தடைகளுக்குக் 'கிரீன் ரிவர் சட்டம்' என்றே பெயர். பத்திரிகைச் சந்தா பிடிப்பவர்கள் மீதான இதே மாதிரித் தடையை 1951-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இதோடு ஓஹையோவின் ஸ்ட்ரதர்ஸ் என்ற ஊரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது இரும்பாலை ஊர், அங்கேயும் ராத்திரி ஷிப்ட், அங்கேயும் அதே காரணம். துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கதவைத் தட்டுவதையே அந்த ஊர் தடை செய்திருந்தது. 1943-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யாரை வரவேற்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும், எல்லா வீட்டுக்கும் சேர்த்து நகராட்சி முடிவு செய்ய வேண்டாம் என்பதே சாரம். அதாவது விற்க வருபவரை ஊர் கட்டுப்படுத்த நிறைய இடம் உண்டு. கருத்துச் சொல்ல வருபவரை அப்படிக் கட்டுப்படுத்த முடியாது. விதி எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் படி இதுதான். விற்பனை, நன்கொடை வசூல், மதப் பிரசாரம், ஓட்டுக் கேட்பது, கணக்கெடுப்பு எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்து 'வெளியார் வரக் கூடாது' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ஒன்றில் ஓட்டை விழுந்தால் மொத்தமும் ஒழுகும்.

என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே முக்கியமான வழக்கு 2002-இல் வந்தது. ஓஹையோவின் ஸ்டிராட்டன் கிராமம், பொருள் விற்க வந்தாலும் கொள்கை பரப்ப வந்தாலும் கதவைத் தட்டுமுன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. மோசடியும் திருட்டும் குறையும் என்பது வாதம். 8-க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அது கேட்ட கேள்வி நம் ஊர்க் கூட்டங்களிலும் கேட்க வேண்டியது: திருட வருகிறவன் சீட்டு இல்லையே என்று திரும்பிப் போய்விடுவானா? வழி கேட்கிறேன், ஒரு போன் பண்ணிக்கொள்கிறேன், சர்வே எடுக்கிறேன் என்று சொல்லி அவன் தட்டத்தான் போகிறான்.

நேரக் கட்டுப்பாடு நல்ல கருவி. ஆனால் அதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். கொலராடோவின் காசில் ராக் நகரம் இரவு 7 மணிக்குமேல் விற்பனையாளர்கள் தட்டக் கூடாது என்றது. ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. 7 மணிக்குமேல் தட்டுவதால் என்ன கேடு விளைந்தது என்பதற்கு நகரம் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 2020-இல் அந்தக் கட்டுப்பாடு விழுந்தது. 1933-இல் கிரீன் ரிவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் இதையும் சொன்னது! ஆகவே நேரம் குறிக்குமுன் ஒரு நோட்டுப் போடுங்கள். புகார் வந்த தேதி, மணி, தெரு, என்ன விற்றார், என்ன செய்தார். ஆறு மாதம் எழுதினால் 'ராத்திரி வருகிறார்கள்' என்ற புலம்பல் ஆதாரமாகிவிடும். ஒருவேளை தொல்லையெல்லாம் பட்டப்பகலில், முதியவர்கள் தனியாக இருக்கும் மதிய வேளையில்தான் என்று நோட்டுச் சொல்லலாம். அப்போது இரவு 7 மணி விதியால் என்ன பயன்?

நேரத்தை எழுதும்போது 'பொழுது சாயும்வரை', 'நியாயமான நேரத்தில்' என்றெல்லாம் எழுதாதீர்கள். கடிகார நேரம் எழுதுங்கள். ஆஸ்திரேலியச் சட்டம் எப்படி எழுதியிருக்கிறது பாருங்கள்: வார நாட்களில் காலை 9 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை 5 வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. வந்தவர் தன் பெயரையும் எதற்கு வந்தார் என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும், போகச் சொன்னால் உடனே போக வேண்டும், அதே கம்பெனிக்காக 30 நாளுக்குத் திரும்ப வரக் கூடாது. 'தட்ட வேண்டாம்' என்று கதவில் ஒட்டிய ஸ்டிக்கரே 'போ' என்று சொன்னதற்குச் சமம் என்று அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. சின்ன ஸ்டிக்கர்தான், ஆனால் ஊர் முழுக்கத் தடை போடாமலேயே வேண்டாதவர் வீட்டுக் கதவு தப்பித்துவிடுகிறது, வேண்டுமென்பவர் கதவு திறந்தே இருக்கிறது. ஸ்டிக்கருக்கு விதியில் மூன்று விவரம் போதும்: என்ன வாசகம், எவ்வளவு பெரிய எழுத்து, எந்த இடத்தில் ஒட்டினால் செல்லும். இதைக் குறிக்காமல் விட்டால் 'கவனிக்கலை சார்' என்ற பதிலுக்கு மறுபேச்சு கிடையாது.

அனுமதி அட்டை வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது எதற்கு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். புகார் வந்தால் ஆளைப் பிடிக்க ஒரு முகவரி, அவ்வளவுதான் அதன் பயன். அதைத் தாண்டி 'நம்பகமானவர்' என்று சான்று தருகிற வேலையை எந்த நகராட்சியும் செய்ய முடியாது. சேல்ஸ்மேனோ அந்த அட்டையை முதல் வேலையாகக் காட்டி "முனிசிபாலிட்டி அப்ரூவல் வாங்கியிருக்கோம்" என்பார். அதனால் அட்டையின் முன்பக்கத்திலேயே, பெயருக்கு அடுத்தபடியாக, 'இது பொருளுக்கோ நிறுவனத்துக்கோ நற்சான்று அல்ல' என்று அச்சடிக்க வேண்டும். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுப் புண்ணியமில்லை.

அட்டையை ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும், கம்பெனிக்கு அல்ல. இந்தத் தொழிலில் ஆட்கள் நிற்பதே இல்லை. சம்பளம் இல்லாமல் கமிஷன் மட்டும் வாங்கும் இளைஞர்கள் டார்கெட் முடியாமல் சில வாரத்தில் விலகிவிடுவார்கள். கம்பெனி பெயரில் ஒரே அட்டை கொடுத்தால் அது பத்துக் கை மாறும். போட்டோ, பெயர், கம்பெனி, அலுவலக முகவரி, விற்கும் பொருள், காலாவதித் தேதி, புகார் எண். இத்தனையும் கதவுக்கு வெளியே நிற்பவர் கழுத்தில் தொங்கும்போதே உள்ளிருந்து படிக்கிற அளவில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை வேலை நாளில் பதில் என்று காலக்கெடு எழுதுங்கள். மறுத்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் அட்டை கொடுக்கும் மேஜை அழுக்காகிவிடும், அதை விளக்கத் தேவையில்லை. கட்டணம், வைப்புத்தொகை இரண்டையும் ஏற்றி வைத்தால் தொல்லை குறையும் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு, தலைச்சுமைக்காரருக்கு ஒரு மாத வருமானம்.

இந்தியாவில் நிலைமை என்ன? இரண்டு தனித்தனிச் சட்டங்களை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தெருவில் வண்டி தள்ளியோ கூடை சுமந்தோ விற்பவர் 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்துக்குள் வருகிறார். நடமாடும் வியாபாரி என்றே அதில் தனிச் சான்றிதழ் வகை இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். பொருளைப் பறிமுதல் செய்தால், அழுகும் சரக்கு என்றால் உரிமை கோரிய அன்றே, மற்றது இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இன்னொன்று 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள். ஆள்மேல் ஆளாகச் சேர்த்த விற்பனையாளர் வலை மூலம் விற்கும் கம்பெனிகளுக்கானது. அதன்படி அடையாள அட்டையும், முன்கூட்டியே வாங்கிய நேரமோ ஒப்புதலோ இல்லாமல் விற்பனையாளர் நுகர்வோர் வீட்டுக்கு வரவே கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்தேன் என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். கம்பெனி ஒப்புக்கொள்ளாத நோட்டீஸ் எதையும் நீட்டக் கூடாது. இவ்வளவு தெளிவான விதி இருந்தும் வாசலில் நின்று "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? கவனிக்க: சாதாரணச் சம்பள ஆளை வைத்து வீடு வீடாக விற்கும் கம்பெனி இந்த வரையறைக்குள் வராமல் போகலாம். ஊர் அளவிலான விதிக்குத் தேவை இருப்பது அந்த இடைவெளியில்தான்.

அசோசியேஷன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் துணைவிதி உறுப்பினர்களைத்தான் கட்டும். மதில் சூழ்ந்த அடுக்ககத்துக்குள் வழி தனியார் இடம், அங்கே யாரை விடுவது என்று நீங்கள் சொல்லலாம். மனைப்பிரிவில் அப்படி இல்லை. சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்த பிறகு அது பொதுச் சாலை. அதன் குறுக்கே கேட் போட்டுத் தள்ளுவண்டியை மறிக்க உங்களுக்கு அதிகாரமில்லை, பலகையில் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் சரி.

இனி எனக்கு மிகவும் அவசியமாகப் படுகிற விஷயம்: யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் காலம். இது ஏன் தேவை என்பதற்குத் தண்ணீர் சுத்திகரிப்பு டெமோவைவிட நல்ல உதாரணம் கிடையாது. உங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர்கள் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பிகள் உள்ள கருவியை இறக்கி மின்சாரம் விடுவார். உங்கள் தண்ணீர் பழுப்பாகத் திரிந்துபோகும், அவருடையது தெளிவாகவே நிற்கும். "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கறீங்க." நடந்தது என்னவென்றால், குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, பாயும்போது கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிறது. அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வந்தது, உங்கள் தொட்டியிலிருந்து அல்ல. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி இறக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து அந்த நிறத்தைப் பார்க்கும் அரைமணி நேரத்தில் யாருக்கு இது தோன்றும்? மறுநாள் காலையில்தான் தோன்றும். அந்த மறுநாள் காலைக்குச் சட்டம் இடம் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டில் நடந்த விற்பனைக்கு மூன்று வேலை நாள் (சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கு). ரத்துப் படிவம் இரண்டு பிரதி விற்பவரே தர வேண்டும், ரத்து செய்தால் 10 வேலை நாளில் பணம் திரும்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள்; அந்த உரிமையைச் சொல்லாமல் மறைத்தால் மேலும் 12 மாதம் கூடும். ஆஸ்திரேலியாவில் 10 வேலை நாள், அதுவரை பணமே வாங்கக் கூடாது. மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசிதான். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்று எல்லோருக்கும் தெரியும். கொடுக்காத பணத்துக்கு அந்தப் பாடே இல்லை.

ஊர் விதியால் இவ்வளவையும் கொண்டுவர முடியாது, அது மேலே உள்ள அரசுகளின் வேலை. ஆனால் அனுமதி அட்டைக்கு நிபந்தனையாக ஒன்றைச் சேர்க்கலாம்: ஆர்டர் ஃபார்மில் ரத்து செய்யக் கடைசித் தேதியும், அனுப்ப வேண்டிய முகவரியும் கையெழுத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதை மீறியவரின் அட்டை ரத்து.

இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டு விழிப்பவர் செய்ய வேண்டியது: ஆர்டர் ஃபார்ம், ரசீது, நோட்டீஸ், வந்தவரின் அட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பேக்கிங்கைப் பிரிக்காதீர்கள், "இன்ஸ்டால் பண்ணிட்டுப் போறோம்" என்றால் விடாதீர்கள். ரத்துக் கடிதம் நாலு வரி போதும்: ஆர்டர் எண், தேதி, தொகை, 'ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பவும்'. காரணம் எழுத ஆரம்பித்தால் அதற்குப் பதில் சொல்ல ஒருவர் போன் பண்ணுவார். கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட், அதே நாளில் ஈமெயில். விற்ற பையனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் கணக்கில் வராது, அவர் அடுத்த மாதம் அங்கே இருக்கவும் மாட்டார். தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடும்போது அந்தப் போட்டோக்கள் கையில் இருக்கட்டும்.