வெர்னியர் எடுத்தால் கை தேய்ந்துவிடுமா?

"எல்லாம் கரெக்டா உக்காந்துடுச்சு சார்" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எது உட்கார்ந்தது? வெர்னியர் என்கிற அளவுக்கருவியை எடுத்து அளந்து பார்த்தாயா?

பழைய ஜீப்பில் நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டி ஏற்றினோம். கிளட்ச்சை விடுவிக்கும் பழைய ஃபோர்க், லிங்க்கேஜ் எல்லாம் போய், பெல் ஹவுசிங்குக்குள்ளேயே (இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) இருக்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் வந்தது; பெடலை மிதித்தால் ஃப்ளூயிட் அழுத்தத்தில் இதன் பிஸ்டன் நகர்ந்து கிளட்ச்சை விடுவிக்கும். முன்பென்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வெளியே ஒரு நட்டைத் திருகிச் சமாளிக்கலாம். இதில் அந்தப் பேச்சே கிடையாது. பெட்டி ஏறிவிட்டால் பேரிங் கண்ணிலேயே படாது.

அதனால்தான் ஏற்றும் முன்பே அளக்கச் சொல்கிறார்கள். பெல் ஹவுசிங்கின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து கிளட்ச்சின் பிரஷர் பிளேட்டில் பேரிங் தள்ளுகிற ஃபிங்கர் வரை எவ்வளவு ஆழம் என்று பார்க்கவேண்டும். பேரிங்கை முழுக்க உள்ளே அமுக்கி, பெட்டியின் முகத்திலிருந்து அது எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் இடைவெளி. பேரிங்கோடு வந்த தாளிலேயே படம் போட்டிருக்கிறது: 4 முதல் 5 மில்லிமீட்டர். கூடினால் பேரிங்குக்குப் பின்னால் ஷிம் என்கிற மெல்லிய தகடு போடு, குறைந்தால் ஷிம்மை எடு. அவ்வளவுதான் வேலை! ஜாக்கெட் தைக்கிற டெய்லர்கூட அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டார்.

இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிளட்ச் தேயத் தேய ஃபிங்கர்கள் பேரிங்கை நோக்கிப் பின்னால் வரும். பேரிங் ஒதுங்க இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும், கிளட்ச் நழுவும். அதிகமானால் இன்னும் மோசம். பிஸ்டன் தன் எல்லையைத் தாண்டி வெளியே வந்து சீல் போய்விடும். அளக்காமல் ஏற்றியதால் எங்களுக்கு நடந்தது இதுதான். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம், மிதித்த பெடல் மேலே வரவில்லை, பெல் ஹவுசிங்கின் அடியில் பிரேக் ஃப்ளூயிட் சொட்டு சொட்டாக. விரலில் தொட்டுப் பார்த்தால் கிளட்ச் பிளேட்டின் கருந்தூளும் கலந்திருக்கிறது. புது பிளேட்டும் போச்சு!

இதற்கு மெக்கானிக் அண்ணன் சொல்லும் காரணம், "பார்ட்டு டூப்ளிகேட் சார்." அப்புறம், "ஏர் சரியா எடுக்கல போல, இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாம்." லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றினால் கிழிந்த சீல் ஒட்டிக்கொள்ளுமா? இதில் பட்டறைப் பையன் வேறு, பெட்டி கீழே கிடக்கும்போதே லைனை மாட்டி, வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று பெடலை மிதிக்கப் போனான். எதிரே தடுக்க ஒன்றும் இல்லாதபோது மிதித்தால் பிஸ்டன் கழன்று கையோடு வந்துவிடும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை.

இப்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் கழற்றிப் பெட்டியை மறுபடி இறக்கவேண்டும். அதற்கும் தனிக் கூலியாம். பேரிங்குக்கும் பிளேட்டுக்கும் நான் காசு கொடுத்துத் தொலைக்கிறேன், கூலி மட்டும் ஒரு பைசா கிடையாது. முதலில் அந்த வெர்னியரை எடுங்கள் அண்ணே, நான் பக்கத்திலேயே நின்று எழுதிக்கொள்கிறேன்.