நோட்டீஸ் சிங்களத்தில், பனர் மட்டும் மூன்று மொழியில்

இரவு 11.50க்கு, பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் சேர்ந்த பட்ச்சின் வட்ஸ்அப் குறூப்பில் சிங்களத்தில் ஒரு செய்தி வந்து விழும்: "ஹெட்ட உதே லெக்சர் எக்க நே." நாளைக் காலை விரிவுரை இல்லையாம். எண்பது பேர் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். மிச்சமிருக்கும் பத்துப் பன்னிரண்டு தமிழ் பேசும் பிள்ளைகள் காலை 8 மணிக்குப் பூட்டிய மண்டபத்தின் முன்னால் கொப்பியோடு நிற்பார்கள். அடுத்த மாதம் இதே பட்ச்தான் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று மூன்று மொழியிலும் பனர் கட்டும். அதிலும் தமிழ் வரியில் இரண்டு எழுத்துப் பிழை இருக்கும். பனருக்குத் தமிழ் தேடிப் பிடிக்க முடிந்தவர்களுக்கு, விரிவுரை இல்லை என்பதை இங்கிலீஷில் ஒரு வரி எழுத ஏன் கை வருதில்லை?

"மொழிபெயர்ப்பு அப் இருக்குத்தானே" என்பார்கள். எதைப் போட்டு மொழிபெயர்ப்பது? சிங்கள எழுத்தில் தட்டச்சு செய்திருந்தால் நகலெடுத்துப் போடலாம், ஓரளவு விளங்கும். ஆனால் குறூப்பில் வருவது இங்கிலீஷ் எழுத்தில் அடித்த சிங்களம். அதிலும் உயிரெழுத்தை எல்லாம் விழுங்கிவிட்டு மெய்யெழுத்தை மட்டும் அடுக்கியிருப்பார்கள். அப் திணறும், சிலவேளை நேர் எதிரான அர்த்தம் தரும். "நே" என்ற ஒற்றைச் சொல்லை அது கோட்டைவிட்டால் 'விரிவுரை இல்லை' என்பது 'விரிவுரை' ஆகிவிடும். அடுத்தது வொய்ஸ் மெசேஜ். மூன்று நிமிடம் ஓடும், பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம், நடுவில் எங்கோ செய்முறைக் குழு மாறிய செய்தி. அதை நகலெடுக்க ஏலாது. எல்லாவற்றையும் விட மோசம் இந்த "ஹெட்ட". இரவு 12.10க்கு வந்த செய்தியில் 'நாளைக்கு' என்றால் எந்த நாள்? திகதியை இலக்கத்தில் எழுதினால் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். அது கூட இல்லை.

சரி, சிங்களம் படியுங்கள் என்கிறார்கள். படிக்கிறார்கள். இரண்டு வருடத்தில் கன்டீனிலும் பஸ்ஸிலும் தாராளமாகக் கதைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் புள்ளி எண்ணத் தொடங்குவது முதலாம் வருடத்திலிருந்து. பாடசாலையில் இரண்டாம் மொழி (தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம், சிங்களப் பிள்ளைக்குத் தமிழ்) தரம் 6 முதல் 9 வரை இருக்கிறது, சாதாரண தரத்தில் விரும்பினால் எடுக்கலாம். எத்தனையோ பாடசாலைகளில் படிப்பிக்க ஆசிரியரே இல்லை. அதே நாலு வருடத் தமிழைப் படித்துவிட்டு வந்த சிங்களப் பிள்ளை ஒரு தமிழ் வரியை வாசிக்குமா? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. பட்ச் நோட்டீசுக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை.

விரிவுரை மண்டபத்திலும் இதே கதைதான். பாடநெறி இங்கிலீஷ் மூலம் என்று கைநூலில் போட்டிருக்கும். ஸ்லைடும் இங்கிலீஷ்தான். ஆனால் கடினமான இடம் வந்தால் விளக்கம் சிங்களத்துக்கு மாறும், "இது பரீட்சைக்கு வரும்" என்பதும் சிங்களத்தில் வரும். அந்த ஒரு வசனம் எத்தனை புள்ளி என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?

குழு வேலைக்கு வருவோம், அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற இடம் அதுதான். "நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்" என்று விரிவுரையாளர் விட்டால் பழக்கமானவர்கள் பழக்கமானவர்களோடு சேருவார்கள், மிச்சமான ஒரு தமிழ்ப் பிள்ளை ஆறு பேர் குழுவில் ஆறாவதாகப் போய் ஒட்டும். கலந்துரையாடல் முழுக்கச் சிங்களத்தில் ஓடும். யாரும் கெட்டவர்கள் இல்லை, வேகத்தில் மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். கடைசியில் "நீ அட்டையும் அட்டவணையும் செய்" என்று ஒரு துண்டு கொடுப்பார்கள். பிறகு வைவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை. இந்த முறையை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். முடிவெடுத்த இடத்தில் இருந்தும் ஒன்றும் விளங்காத பிள்ளை வாய் திறக்காமல் நிற்கும். "பங்களிப்புக் குறைவு" என்று புள்ளி வெட்டுப்படும். பிறகு மற்ற ஐந்து பேரும், "தமிழ் ஆட்கள் வேலை செய்யமாட்டார்கள்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நட்பு இப்படித்தான் கெடுகிறது.

பதிவிலக்க வரிசையிலோ குலுக்கல் போட்டோ குழு பிரித்தால் என்ன குறைந்துவிடும்? அப்போதும் ஒருவரைத் தனியாக விடாமல் இரண்டு பேராகப் போடுங்கள். ஒருவர் மௌனமாகிவிடுவார், இரண்டு பேர் இருந்தால் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் என்ன முடிவு, ஏன், யார் பொறுப்பு என்று மூன்று வரி இங்கிலீஷில் பொது ஆவணத்தில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. வைவாவில் ஆறு பேரும் பதில் சொல்வீர்கள்.

இதை வாசித்துத் தலையாட்டுகிற எங்கட ஆட்களே, நில்லுங்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் படிக்கிற சிங்களப் பிள்ளைக்கு நீங்கள் செய்வது என்ன? விடுதி நோட்டீஸ் தமிழில், ஒன்றியக் கூட்டம் தமிழில், அவன் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். 2016 ஜூலையில் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுகவர் வரவேற்பில் சிங்களவரின் கண்டிய நடனம் சேர்ப்பதா இல்லையா என்று தொடங்கியது கைகலப்பில் போய் நின்றது. வரவேற்பு ஊர்வலத்தில் எது முதலில், எது எத்தனை நிமிடம் என்பதை இரண்டு கிழமைக்கு முன் ஒரு மேசையில் இருந்து எழுதி எல்லாரும் கையொப்பம் வைத்திருக்க வேண்டிய விஷயம் அது. அன்று காலையில் வாசலில் நின்று தீர்க்கிற விஷயமில்லை.

இன்னும் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்த பிள்ளையைத் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிடுகிற வாய் யாருடையது? அதுவும் தமிழ் வாய்தான். கையெழுத்து வேட்டைக்கு "தமிழ் பேசும் மக்கள்", சுற்றுலாவுக்குச் சாப்பாடு சொல்லும்போது முஸ்லிம் பிள்ளைகளை மறந்துவிடுவது. ஹலால் எத்தனை, மரக்கறி எத்தனை என்று இரண்டு எண் கேட்க எவ்வளவு நேரம்? கேட்காமல் எல்லாம் கோழிப் பார்சல் எடுத்துவிட்டு, "நீங்கள் முட்டையைச் சாப்பிடுங்கள்" என்பது. காசு மட்டும் எல்லாரிடமும் ஒரே அளவு. தவறிய விரிவுரைக்குப் பதில் வகுப்பை வெள்ளி 12 மணிக்கு வைப்பதும் அப்படித்தான், ஜும்ஆ இருப்பது எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு ஒரே நாள் விடுமுறை, அடுத்த நாள் காலை 8 மணிக்கு இடைப்பரீட்சை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போக ஏழெட்டு மணித்தியாலம், திரும்ப அதே ஏழெட்டு. எப்போது வீட்டில் எண்ணெய் வைத்துக் குளிப்பது?

கொஞ்சம் சண்டை வந்தாலே "நீ குறைந்த இஸட் ஸ்கோரில் வந்தவன்தானே" என்று, உயர்தரப் பரீட்சையின் அனுமதிப் புள்ளியைச் சொல்லி ஒரு குத்து. கணக்குத் தெரிந்தால் பேசலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் முல்லைத்தீவும் மன்னாரும் இருக்கின்றன, மொனராகலையும் அம்பாந்தோட்டையும் இருக்கின்றன. மாவட்டத்துக்குத் தரப்பட்டது, இனத்துக்கு இல்லை. இனம் பார்த்த காலமும் ஒன்று இருந்தது: 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குள் போக 400 புள்ளிக்குத் தமிழ் மாணவர் 250 எடுக்க வேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும். அந்தக் காயத்தின் மேல்தான் பகிடி விடுகிறீர்கள்.

பட்சுக்கு இரண்டு ரெப் (பிரதிநிதி) தெரிவு செய்யுங்கள், ஒருவர் தமிழ் பேசுபவர். கையுயர்த்திய வாக்கெடுப்பில் பன்னிரண்டு பேர் எண்பது பேரை ஒருபோதும் வெல்லமாட்டார்கள், அதனால் இரண்டாவது இடத்தை முதலே ஒதுக்கி வையுங்கள். நோட்டீசுக்குத் தனியாக ஒரு குறூப், அரட்டைக்கு இன்னொன்று. அரட்டை எந்த மொழியிலும் ஓடட்டும், ஒருவருக்கும் முறைப்பாடு இல்லை. நோட்டீசில் மட்டும் திகதி, நேரம், இடம், யாருக்கு, கடைசி நாள் ஆகிய ஐந்தும் இலக்கத்தோடு இங்கிலீஷில். வொய்ஸ் வேண்டாம், படம் பிடித்த தாள் வேண்டாம். இருபது சொல் போதும்.

மச்சான் என்ற சொல் இரண்டு மொழியிலும் இருக்கிறது, அக்காவும் இருக்கிறது. அந்தச் சொல்லால் கூப்பிடுகிறவனை நாளைக் காலை பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க விடாதீர்கள். போனை எடுத்து அந்த இருபது சொல்லை இப்பவே அடியுங்கள்.