முதல் பூவின் தேதி மட்டும் போதாது

"இந்த வருஷம் மலையில் முன்னாடியே பூத்துருச்சு" என்று படம் போட்டால் இதயக்குறிகள் குவிகின்றன. வாழ்த்துகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: மலைச்செடி முந்திப் பூப்பது பல நேரம் அதற்கே ஆபத்து.

அமெரிக்காவின் கொலராடோவில், சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் காத்திக் என்ற பழைய சுரங்க ஊர் இருக்கிறது. சூழலியல் ஆய்வாளர் டேவிட் இனௌயியும் அவர் கூட்டாளிகளும் 1970களிலிருந்து அங்கே 2 மீட்டருக்கு 2 மீட்டர் கட்டங்களைக் குறித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பூக்களை எண்ணி வருகிறார்கள். அங்கே செடிக்கு வருஷம் பிறப்பதே பனி உருகும் நாளில்தான். ஆழமான பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் தரையோரம் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். வசந்தம் சூடாகும்போது அந்தப் போர்வை சீக்கிரம் விலகுகிறது. போதாததற்குப் பாலைவனத் தூசி படிந்து பனி அழுக்கேறினால் வெயிலை இன்னும் உறிஞ்சி வேகமாக உருகும். செடி உடனே கிளம்பிவிடுகிறது. ஆனால் ஜூன் மாதத்துத் தெளிந்த இரவுகளின் உறைபனி அதே அளவுக்கு முன்கூட்டி முடிந்துவிடவில்லை.

அடி விழுவது மொட்டில். ஆஸ்பென் சூரியகாந்தி என்ற செடியின் மொட்டைச் சுற்றிய பச்சைச் செதில்களில் தேன் ஊறும். அதைத் தேடி எறும்புகள் மொய்க்கும். பதிலுக்கு, விதையைத் தின்னும் ஈக்களை விரட்டும். ஒரு கடும் உறைபனி இரவு போதும், மொட்டு கறுத்துச் சுருங்கிவிடும். 1992 முதல் 1998 வரை சராசரியாக 36 சதவீத மொட்டுகள் இப்படிக் கருகின. 1999 முதல் 2006 வரை அது 74 சதவீதம். செடி சாகாது, அடுத்த ஆண்டும் வேரிலிருந்து துளிர்க்கும். அதனால் மலைச்சரிவு பச்சையாகவே தெரியும். விதை இல்லை, கன்று இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைக்கும்.

உயரக் கணக்கும் மாறிவிட்டது. 400 அடி ஏறினால் வசந்தம் 4 நாள் தாமதம் என்று 1918இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் எழுதினார்; அதாவது 1,000 மீட்டருக்குச் சுமார் 33 நாள். சுவிஸ் ஆல்ப்ஸ் மரங்களில் 1960 வாக்கில் அந்த வித்தியாசம் 34 நாளாக இருந்தது. 2016இல் 22 நாள்தான். துளிர்விடுவதற்கு மொட்டுக்கு முதலில் போதிய குளிர் வேண்டும், பிறகு சூடு வேண்டும். அடிவாரத்தில் குளிர்காலமே இளகிவிட்டதால் வேண்டிய அளவு குளிர் சேர்ந்து முடிய நாளாகிறது, மரம் தயங்குகிறது. உச்சியில் குளிருக்குப் பஞ்சமில்லை, அதனால் அங்கே துளிர் வேகமாக முந்துகிறது.

இதை அப்படியே நீலகிரிக்குப் பொருத்தக் கூடாது. இங்கே பனிப்போர்வை கிடையாது. மழையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனியும்தான் பெரிய கணக்கு. உறைபனி இரவில் கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துத் தேயிலை கருக, மேட்டுத் தேயிலை தப்பிவிடும். தாகைச் செடியை வெட்டிவந்து தேயிலையை மூடுகிறவர்களுக்கு இது தெரியும். ஆகவே உயரத்தை மட்டும் குறித்தால் பாதித் தகவல்தான். பள்ளமா மேடா, சரிவு எந்தத் திசை பார்க்கிறது என்பதும் வேண்டும்.

பதிவு செய்ய நினைப்பவர்கள் வருஷாவருஷம் அதே மரங்களைப் பாருங்கள், வாரம் ஒருமுறை, அதே கிழமையில். முதல் பூவின் தேதியை மட்டும் நம்பாதீர்கள். செடிகளின் எண்ணிக்கை கூடினாலே எங்காவது ஒன்று முந்திப் பூத்துக் கண்ணில் படும். பருவம் மாறியதாக அர்த்தமில்லை. மொட்டு, விரிந்த பூ, காய் மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். அட்டவணையில் கருகிய மொட்டுக்கு ஒரு தனிப் பத்தி. பூவே இல்லாத வாரத்தில் வெற்றிடம் விடாமல் 0 என்று எழுதுங்கள். வெற்றிடம் என்றால் அன்று யாரும் போகவில்லை என்றுதான் பின்னால் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.