இன்னும் அறுபது எழுபது வருஷம் பார்க்க வேண்டிய கண்

தங்கச்சி மகளுக்கு அப்போது நான்கு மாதம். பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "அடேயப்பா, எவ்வளவு பெரிய கண்ணு" என்பார்கள். அம்மா தினமும் திருஷ்டி சுற்றிப் போடுவார். ஆனால் வாசலுக்குத் தூக்கி வந்தால் போதும், வெளிச்சம் தாங்காமல் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். சளி என்று விட்டுவிட்டோம். பினாங்கில் டாக்டர் கருவிழியை அளந்து 13 மில்லிமீட்டர் என்றார். பிறந்த குழந்தைக்கு 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது அது. உள்ளே அழுத்தம் ஏறி, இளங்கண் விரிந்துபோயிருந்தது. பிறவி குளுக்கோமா.

முதல் ஆபரேஷன் கண்ணுக்குள் நீர் வடியும் மூலையைத் திறந்துவிடுவது. அதற்குத் தழும்பைத் தடுக்கும் துணை மருந்து தேவையில்லை. எங்கள் பிள்ளைக்கு அது போதவில்லை. அடுத்தது டிரபெகுலெக்டமி: வெள்ளை விழியில் சின்ன வாசல் வைத்து, நீரை மேல்சவ்வுக்கு அடியில் வடிய விடுவது. சிக்கலே இங்குதான். குழந்தை உடம்பில் புண் சீக்கிரம் ஆறும். முழங்கால் காயத்துக்கு அது வரம். இங்கே அதே வரம் வாசலைத் தழும்பால் அடைத்துவிடும்.

அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின். பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைத்துவிட்டு, நன்றாகக் கழுவி எடுத்துவிடுவார்கள். "அக்கா, புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தாமே, பிள்ளை கண்ணிலயா வைப்பாங்க?" என்று தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மருந்தின் பெயரைக் கேட்டு நான் பயப்படவில்லை. அது தழும்பை அடக்கும்போது மேல்சவ்வையும் மெலிய வைத்துவிடலாம். மெலிந்த சவ்வு பல வருஷம் கழித்தும் கசியலாம், கிருமி உள்ளே போகலாம். என் பயம் அதுதான்.

ஃபைவ் எஃப்.யூ. (ஃப்ளூரோயுராசில்) என்று தழும்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தும் உண்டு. பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் பலமுறை ஊசியாகப் போடுவார்கள். கைக்குழந்தைக்கு ஒவ்வொரு ஊசிக்கும் மயக்க மருந்தா?

அப்புறம் ஓலோஜென். கொலாஜன் என்ற புரதத்தால் செய்த பஞ்சு. சவ்வுக்கு அடியில் வைத்துவிட்டால் சில மாதங்களில் தானே கரையும். அதற்குள் திசு இறுகாமல் தளர்வாக வளர வழி செய்யும். சவ்வை மெலிய வைக்காது என்பதால் எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மலாய்த் தாய் ஒரே கேள்வி கேட்டார்: "எதிலிருந்து செய்தது?" பன்றியிலிருந்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் அது.

குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, சில வருஷத்தோடு நின்றுவிடுபவை. பெரியவர்களின் கணக்கை அப்படியே பிள்ளைக்குப் போட முடியாது. எது அழுத்தத்தை அதிகம் இறக்கியது என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் போதாது. பத்து வருஷம் கழித்து அந்தச் சவ்வு எப்படி இருக்கும்? பெற்றோர் தயங்காமல் கேளுங்கள். எங்கள் டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் அட்டையின் பின்னால் படம் வரைந்தே விளக்கினார்.

கடைசியில் மைட்டோமைசின்தான் வைத்தார்கள், குறைந்த அளவில். அவள் இப்போது பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தினமும் காலையில் தலை வாரும்போது தங்கச்சி அவள் மேலிமையை மெல்லத் தூக்கிப் பார்ப்பாள். சிவப்பு, பீளை, வலி எது இருந்தாலும் அன்றைக்கு ஸ்கூல் இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.